இரண்டாவது டெங்கு ஏன் மோசமாகிறது?

டெங்கு வார்டில் வேலை பார்ப்பவர்களுக்குக் காய்ச்சல் ஏறும்போது இருக்கும் பயத்தைவிட, இறங்கும்போதுதான் பயம் அதிகம். முதல் மூன்று நாள் 103, 104 டிகிரி என்று கொதித்த உடம்பு நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ குளிர்ந்துவிடும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, நாடி பலவீனமாகி, கை கால் சில்லிட்டுப் போகிறது. விசித்திரம் என்னவென்றால், அந்த நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும். வைரஸ் உச்சத்தில் இருந்தபோது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தவர், வைரஸ் ஒழிகிற நேரத்தில் ஐ.சி.யு.வுக்குப் போகிறார்.

ஆக, ஆளைச் சாய்ப்பதில் வைரஸுக்கு உள்ள பங்கு பாதிதான். மீதி, வைரஸோடு உடம்பு போடும் சண்டையின் விளைவு. அந்தச் சண்டை பிசகுவதற்கு வழி செய்து கொடுப்பதும் வைரஸேதான். தட்டம்மை ஒருமுறை வந்து போனால் ஆயுசுக்கும் காப்பு. டெங்குவில் இந்தக் கணக்கு செல்லாது. முதல் முறை பலருக்குச் சாதாரணக் காய்ச்சலாக, சிலருக்கு வந்ததே தெரியாமல் போய்விடும். இரண்டாம் முறை வேறு வகை டெங்கு வந்தால்தான் மோசமாகும் வாய்ப்பு கூடுகிறது. முதல் தொற்றில் உடம்பு படித்த பாடம் இரண்டாம் தொற்றில் எதிரிக்குப் பயன்படுகிறது. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

பத்துப் புரதம், நான்கு வகை

டெங்கு வைரஸ் சுமார் 50 நானோமீட்டர் அளவுள்ள உருண்டை. உள்ளே ஒரே ஒரு ஆர்.என்.ஏ. இழை, ஏறத்தாழ 10,700 எழுத்து நீளம். அதைக் கொண்டு செய்ய முடிவது மொத்தம் 10 புரதம். மூன்று புரதங்கள் வைரஸின் உடலைக் கட்டுவதற்கு. மற்ற ஏழும் (என்.எஸ்.1, 2ஏ, 2பி, 3, 4ஏ, 4பி, 5) செல்லுக்குள் வேலை பார்ப்பதற்கு. நம் பக்கம் புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. இவ்வளவு சின்ன முதலை வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டுமானால் ஒவ்வொரு புரதமும் இரண்டு மூன்று வேலை பார்த்தாக வேண்டும். பார்க்கிறது.

டென்-1 முதல் டென்-4 வரை நான்கு வகை. புரதங்களின் அமினோ அமில வரிசையில் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். ஒரு வகைக்கு எதிராக உருவான ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்) மற்ற வகையிலும் போய் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அவற்றில் ஒற்றுமை உண்டு. ஒட்டினாலும் அடக்க முடியாத அளவுக்கு வேற்றுமையும் உண்டு. டெங்குவின் வில்லங்கம் முழுக்க இந்த அரைகுறை ஒற்றுமையில் இருக்கிறது.

காவல் நிலையத்திலேயே குடியேறுதல்

ஏடிஸ் கொசு கடிக்கும்போது வைரஸ் இறங்குவது தோலில். அங்கே ரோந்து சுற்றும் லாங்கர்ஹான்ஸ் செல்களுக்கும் டென்ட்ரிட்டிக் செல்களுக்கும் வேலையே, அந்நியமாக எது வந்தாலும் பிடித்து விழுங்கி, நிணநீர்க் கட்டிக்குக் கொண்டுபோய், எதிர்ப்பாற்றலின் படைவீரர்களான டி செல்களிடம் காட்டுவதுதான். டெங்கு வைரஸ் இந்தச் செல்களைத்தான் முதலில் பிடிக்கிறது. பிறகு மோனோசைட், மேக்ரோஃபேஜ். அதாவது, விழுங்குவதைத் தொழிலாகக் கொண்ட செல்களே இதற்கு வீடு. நிணநீர்க் கட்டிக்குப் போக வைரஸ் தனியாக வழி தேட வேண்டியதில்லை. காவலாளியே தூக்கிக்கொண்டு போகிறான். பின்னால் ஆன்டிபாடி விஷயத்துக்கு வரும்போது இந்த விவரம் முக்கியமாகும்.

செல்லுக்குள் நுழைந்ததும் வைரஸுக்கு முதல் ஆபத்து இன்டர்ஃபெரான். நம் செல்லில் ரிக்-ஐ, எம்.டி.ஏ.-5 என்று சில உணர்விகள் உண்டு. அன்னிய ஆர்.என்.ஏ.வைக் கண்டால் அவை மணி அடிக்கும். செல் இன்டர்ஃபெரானை வெளியே விடும். அக்கம்பக்கத்துச் செல்கள் அதைப் பெற்றுக்கொண்டு நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கி, கதவைச் சாத்திக்கொள்ளும். இந்தச் சங்கிலியை டெங்கு ஒரே இடத்தில் வெட்டுவதில்லை. கணு கணுவாக வெட்டுகிறது.

முதலில் ஒளிதல். நகல் எடுக்கும் வேலையைச் செல்லின் நடுவில் வெட்டவெளியில் செய்யாமல், செல்லுக்குள் பரவியிருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வை உள்நோக்கிக் குழித்துச் சிறு சிறு பைகள் செய்து, அவற்றுக்குள் செய்கிறது. பையின் வாய் 10 நானோமீட்டர் அளவுதான். உணர்விகள் எட்டிப் பார்க்க முடியாது. வெளியே வரும் ஆர்.என்.ஏ.வின் நுனியில் நம் சொந்த ஆர்.என்.ஏ.வில் இருப்பது போலவே ஒரு தொப்பியை என்.எஸ்.5 மாட்டி அனுப்புகிறது.

அப்படியும் ரிக்-ஐ மோப்பம் பிடித்துவிட்டால், அது மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் செய்தி சொல்லவிடாமல் என்.எஸ்.3 வழிமறிக்கிறது. என்.எஸ்.2பி-யும் என்.எஸ்.3-யும் சேர்ந்த கத்திரிக்கோல் ஒன்று உண்டு. வைரஸின் நீண்ட புரதச் சங்கிலியைத் துண்டு போடுவது அதன் அசல் வேலை. போகிற போக்கில் நம்முடைய ஸ்டிங் என்ற எச்சரிக்கைப் புரதத்தையும் வெட்டிவிடுகிறது. இதையெல்லாம் மீறி இன்டர்ஃபெரான் வெளியேறி, இன்னொரு செல்லை எட்டி, அந்தச் செல்லிலும் டெங்கு ஏற்கெனவே புகுந்திருந்தால், அங்கே செய்தியைக் கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்-2 புரதத்தை என்.எஸ்.5 பிடித்து, செல்லின் சொந்தக் குப்பை அரைக்கும் இயந்திரத்திலேயே போட்டு அழிக்கிறது.

இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. எலியின் ஸ்டாட்-2 வேறு மாதிரி, என்.எஸ்.5-ஆல் அதைப் பிடிக்க முடிவதில்லை. எலியின் ஸ்டிங்கையும் அந்தக் கத்திரி வெட்டுவதில்லை. சாதாரண ஆய்வக எலிக்கு டெங்கு சரியாகப் பிடிக்காததற்கு இவை முக்கியக் காரணங்கள். அதனால் ஆய்வுக்கு இன்டர்ஃபெரான் ஏற்பிகளே இல்லாமல் வளர்த்த ஏ.ஜி.129 வகை எலிகளை நாடுகிறார்கள். வைரஸ் உடைக்கும் பூட்டே இல்லாத எலியில் மருந்தைச் சோதிக்கிறோம் என்பதை, "எலியில் டெங்கு குணமானது" என்று செய்தி வரும்போதெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. நம் செல்லில் எக்ஸ்.ஆர்.என்.-1 என்ற நொதி, தேவையற்ற ஆர்.என்.ஏ.க்களை ஒரு முனையிலிருந்து கரும்பு போல மென்றுகொண்டே போகும். டெங்கு ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் சில முடிச்சுகள் இருக்கின்றன. நொதி அங்கே வந்து சிக்கி நின்றுவிடும். மெல்ல முடியாமல் மிச்சமாகும் அந்தத் துண்டு சில நூறு எழுத்து நீளம். எந்தப் புரதமும் செய்யாது. குப்பை போலத் தெரியும் அந்தத் துண்டுதான், ரிக்-ஐ-யைத் தட்டி எழுப்பும் ட்ரிம்-25 புரதத்தைக் கட்டிப்போடுகிறது. 1994-இல் பியூர்ட்டோ ரிக்கோவில் டென்-2 பெருவாரியாகப் பரவியபோது, பழைய கிளையை ஓரம் தள்ளிவிட்டு ஒரு புதுக் கிளை மேலோங்கியது. அந்தக் கிளை இந்த வால் துண்டைக் கூடுதலாக உற்பத்தி செய்ததாகவும், ட்ரிம்-25-ஐ இறுகப் பிடித்ததாகவும் 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வாலில் சில எழுத்து மாறியதில் ஒரு தீவே படுத்தது.

ஆன்டிபாடி எப்போது காப்பு, எப்போது வாகனம்

வைரஸ் உருண்டையின் மேல் ஈ என்ற உறைப் புரதம் 180 பிரதிகளாகப் பரவியிருக்கும். ஆன்டிபாடி ஒட்டுவது அதில்தான். ஒன்றிரண்டு ஒட்டினால் வைரஸ் சாகாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வெஸ்ட் நைல் வைரஸில் போட்ட கணக்குப்படி, 180-இல் ஏறக்குறைய 30 இடத்திலாவது ஆன்டிபாடி உட்கார்ந்தால்தான் அது செயலிழக்கும். அதற்குக் குறைவாக ஒட்டினால்?

ஆன்டிபாடிக்கு இரண்டு முனை. ஒன்று கிருமியைப் பிடிக்கும். இன்னொன்று எஃப்.சி. முனை, மேக்ரோஃபேஜ், மோனோசைட் போன்றவை அந்த முனையைப் பிடித்து உள்ளே இழுத்து விழுங்கும். மற்ற பல கிருமிகளுக்கு அது சாவு. டெங்குவுக்கோ, போக நினைத்த வீட்டுக்கே பல்லக்கு வந்த கதை. அரைகுறையாக ஆன்டிபாடி ஒட்டிய வைரஸ், அந்த எஃப்.சி. கைப்பிடியைக் கொண்டே முன்பைவிட எளிதாக மோனோசைட்டுக்குள் போகிறது. ஒரே நேரத்தில் முன்பைவிட அதிகச் செல்கள் தொற்றுகின்றன. தவிர, இந்த வாசல் வழியாக நுழையும்போது செல்லின் இன்டர்ஃபெரான் பதில் மட்டுப்படுவதும், அழற்சியை அடக்கும் ஐ.எல்.-10 கூடுவதும் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. ஆகவே செல்களின் எண்ணிக்கையும் கூடுகிறது, ஒவ்வொரு செல்லிலும் விளைச்சலும் கூடுகிறது. 'ஆன்டிபாடி சார்ந்த தொற்றுப் பெருக்கம்' என்று இதற்குப் பெயர்.

வைரஸ் இதற்கு இன்னொரு வகையிலும் தோது செய்கிறது. பிறக்கும் வைரஸ்களின் மேல் பி.ஆர்.எம். என்ற மூடி இருக்கும். ஃபியூரின் என்ற நம் நொதி அதை வெட்டி எடுத்தால்தான் வைரஸ் முதிர்ச்சி அடையும். டெங்குவில் இந்த வெட்டு பெரும்பாலும் அரைகுறை. மூடி பாதி ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்கள் ஏராளமாக வெளியே வருகின்றன. நம் பி செல்கள் அந்த மூடிக்கு எதிராக மும்முரமாக ஆன்டிபாடி செய்கின்றன. அவை நான்கு வகையிலும் ஒட்டும், எதையும் சரியாக அடக்காது. தானாகச் செல்லுக்குள் நுழைய முடியாத முதிராத வைரஸைக்கூட இந்த ஆன்டிபாடிகள் உள்ளே ஏற்றிவிடுகின்றன.

அப்படியானால் எல்லாம் அளவைப் பொறுத்தது. ஆன்டிபாடி நிறைய இருந்தால் காப்பு. அறவே இல்லாவிட்டால் சாதாரண முதல் தொற்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவில்தான் ஆபத்து. இதற்கு இயற்கை தந்த சான்று கைக்குழந்தைகள். பாங்காக்கில் 1960-களில் டெங்கு ஆய்வாளர் ஸ்காட் ஹால்ஸ்டெட்டும் உடனிருந்தவர்களும் கவனித்தது இது: கடுமையான டெங்கு இரண்டு வெவ்வேறு வயதுக் குழுக்களில் குவிந்து வந்தது. ஒன்று, இரண்டாம் முறை தொற்றிய பெரிய பிள்ளைகள். இன்னொன்று, முதல் முறையே தொற்றிய, 6 முதல் 9 மாதக் குழந்தைகள். அந்தக் குழந்தைகளுக்கு முன்பு டெங்கு வந்ததில்லை, தாய்க்கு வந்திருந்தது. தொப்புள்கொடி வழியாக வந்த தாயின் ஆன்டிபாடி பிறந்தபோது நிறைய இருந்து காத்தது. ஆறாவது மாதவாக்கில் அது கரைந்து, அந்த நடு அளவுக்கு இறங்கியிருந்தது. ஒரு வயது தாண்டினால் ஆன்டிபாடியும் இல்லை, அந்த ஆபத்தும் இல்லை.

கியூபா காட்டியது வேறு கோணம். அங்கே 1977-இல் டென்-1 பரவியது. 1981-இல் டென்-2 வந்தபோது 3,44,203 பேருக்கு நோய், 10,312 பேருக்குக் கடுமை, 158 சாவு. அதன்பின் கொசு ஒழிப்பைக் கறாராக நடத்தி டெங்குவை விரட்டினார்கள். 1997-இல் சாந்தியாகோ டி கியூபா நகரில் டென்-2 மீண்டும் தலைகாட்டியபோது, கடுமையாக விழுந்தவர்கள் பெரியவர்கள். டென்-1 போன பிறகு பிறந்த பிள்ளைகள் தப்பித்தார்கள். இருபது ஆண்டு இடைவெளி ஆபத்தைக் குறைக்கவில்லை. நான்கு ஆண்டு இடைவெளியைவிடக் கூட்டியிருந்தது. ஆன்டிபாடி கரையக் கரைய அதன் தன்மை மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான களம் கிடைக்காது.

அளவை எண்ணில் சொன்னது நிகரகுவா. மனாகுவா நகரில் 6,684 குழந்தைகளிடமிருந்து ஆண்டுதோறும் ரத்தம் எடுத்து, 41,302 மாதிரிகளை வைத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆன்டிபாடி அளவு (ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் ஆன்டிபாடி தெரிகிறது என்ற கணக்கு) 1:21-க்கும் 1:80-க்கும் இடையில் இருந்த பிள்ளைகளுக்குக் கடுமையான டெங்கு வரும் ஆபத்து, ஆன்டிபாடியே இல்லாதவர்களைவிட 7.64 மடங்கு. அதற்கு மேலே போனால் ஆபத்து இறங்கிக் காப்பாக மாறியது.

டி செல்கள் கதை இவ்வளவு இருட்டாக இல்லை. முதல் தொற்றில் பழகிய டி செல்கள் இரண்டாவது வகைக்குப் பொருந்தாமல் வெறும் அழற்சியை மட்டும் கூட்டுகின்றன என்று ஒரு காலத்தில் அவற்றின் மேலும் பழி விழுந்தது. கொழும்பில் ரத்த தானம் செய்தவர்களின் மாதிரிகளை ஆராய்ந்து 2013-இல் வந்த ஆய்வு அந்தப் பழியைப் பெரிதும் துடைத்தது: தொற்றிய செல்லைக் கொல்லும் சி.டி.8 வகை டி செல்களின் வலுவான பதில், கடுமையான நோய் வராமல் காக்கும் மரபு வகைகளோடு சேர்ந்திருந்தது.

கசிவும் லேப் ரிப்போர்ட்டும்

இத்தனை செல்கள் ஒரே நேரத்தில் தொற்றினால் என்.எஸ்.1 ரத்தத்தில் கொட்டுகிறது. லேபில் 'என்.எஸ்.1 பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுப்பார்களே, அதேதான். ஆறு துண்டு சேர்ந்து நடுவில் கொழுப்பை வைத்துக்கொண்ட இந்தப் புரதம் வெறும் அடையாளம் அல்ல. கிருமியைத் தாக்கும் ரத்தப் புரதங்களின் கூட்டமான நிரப்பு மண்டலத்தின் சி4 புரதத்தைப் பிடித்து, வைரஸையும் தொற்றிய செல்லையும் அந்த மண்டலத்தின் தாக்குதலிலிருந்து காக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவரில் கிளைக்கோகேலிக்ஸ் என்ற வழுவழுப்பான சர்க்கரைப் பூச்சு உண்டு. அதை அரிக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. பூச்சு போனால் நீர் கசியும். தாய்லாந்தில் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், காய்ச்சல் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் என்.எஸ்.1 ஒரு மில்லிக்கு 600 நானோகிராமைத் தாண்டியவர்களுக்குக் கடுமையாகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

இரண்டாவது டெங்குவில் பரிசோதனையும் ஏமாற்றும். பழைய ஆன்டிபாடிகள் என்.எஸ்.1-ஐச் சுற்றிக்கொள்வதால் கிட்டில் கோடு விழாமல் போகலாம். புதுத் தொற்றைக் காட்டும் ஆன்டிபாடி வகையான ஐ.ஜி.எம். நான்கு ஐந்து நாளுக்குப் பிறகுதான் எழும், அதுவும் இரண்டாம் தொற்றில் பலவீனமாக. பழைய தொற்றின் நினைவாக நிற்கும் ஐ.ஜி.ஜி. வகை மட்டும் சீக்கிரமே எகிறியிருக்கும். ஐந்தாம் நாள் 'என்.எஸ்.1 நெகட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ்' என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து "டெங்கு இல்லை" என்று வீட்டுக்குப் போவது, ஆபத்து அதிகமுள்ளவர்களே செய்யக்கூடிய தவறு.

எல்லோரும் தட்டணு எண்ணிக்கையைத்தான் வெறிக்கிறார்கள். கசிவைக் காட்டுவது பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு. முதல் நாள் 38 இருந்தது 46 ஆனால் அது 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். ரத்தம் கெட்டிப்படுகிறது, நீர் வெளியே போகிறது என்று பொருள். தட்டணு 20,000-க்குக் கீழே போன பெரியவர்களுக்கு ரத்தக்கசிவு இல்லாதபோதே தட்டணு ஏற்றிப் பார்த்த ஆய்வு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்தது (2017). ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை. விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதியும் தடுமாற்றமும், சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் விட்டிருந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது.

எதிர்ப்பாற்றல்தான் வினை என்றால் ஸ்டீராய்டு கொடுத்து அதை அமுக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஹோ சி மின் நகரில் 225 பேருக்கு அதைச் செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் தொற்றும் பெருக்கமும் நடந்து முடிந்துவிடுகின்றன. அதேபோல, டெங்கு சீசனில் "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று விற்கும் எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. எந்த எதிர்ப்பு, எவ்வளவு என்பதுதான் இந்த நோயில் கேள்வியே.

தடுப்பூசி இடறிய இடம்

டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசி இந்தக் கேள்வியில்தான் சறுக்கியது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸை எடுத்து, அதன் மேலுறையை மட்டும் டெங்குவின் உறையாக மாற்றிச் செய்தது அது. 6 மாத இடைவெளியில் 3 ஊசி. 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கி, 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்ட பிறகு 2017 டிசம்பரில் நிறுத்தினார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு இந்த ஊசி ஒரு முதல் தொற்று போலவே வேலை செய்தது: அரைகுறை ஆன்டிபாடி தந்து, அடுத்து வரும் நிஜ வைரஸுக்கு வழி திறந்தது.

இது ஏன் முன்பே தெரியவில்லை? ஆய்வில் சேர்ந்த பெரும்பாலான பிள்ளைகளிடம் ஊசிக்கு முன் ரத்தம் எடுத்து வைக்கவில்லை. யாருக்கு முன்பே டெங்கு வந்திருந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உதவியது. ஊசியில் இருந்த என்.எஸ்.1, மஞ்சள் காய்ச்சல் வைரஸினுடையது. ஆகவே பிள்ளையின் ரத்தத்தில் டெங்கு என்.எஸ்.1-க்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அது ஊசியால் வந்ததல்ல. 13-ஆம் மாத ரத்தத்தில் இதை அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். 9 முதல் 16 வயதுக்காரர்களில், முன்பு டெங்கு வந்தவர்களில் ஐந்தாண்டில் டெங்குவால் மருத்துவமனை போனது ஊசி போட்டவர்களில் 0.38 சதவீதம், போடாதவர்களில் 1.88. வராதவர்களிலோ ஊசி போட்டவர்களில் 1.57, போடாதவர்களில் 1.09.

இந்தியாவில் இப்போது சோதனையில் இருக்கும் டெங்கிஆல் தடுப்பூசி வேறு அடித்தளத்தில் செய்தது. இதில் உடல் முழுக்க டெங்குவினுடையதே. பலவீனப்படுத்தியது வால் பகுதியில் 30 எழுத்தை நீக்கியதன் மூலம். நீக்கிய இடம் எக்ஸ்.ஆர்.என்.-1 சிக்கி நிற்கும் அந்த வால் பக்கம்தான். இப்படி வெட்டிய டென்-4 வைரஸ் மனித செல்லில் வால் துண்டைக் குறைவாகச் சேர்க்கிறது, இன்டர்ஃபெரானுக்கும் எளிதில் அடங்குகிறது. தப்பும் தந்திரங்களில் ஒன்றைப் பிடுங்கிவிட்டுத் தடுப்பூசியாக்கியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) மேற்பார்வையில் மூன்றாம் கட்டம் தொடங்கியது, 10,335 பெரியவர்கள்.

பெரியவர்கள் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்னையில் 5 முதல் 40 வயது வரையுள்ள சுமார் ஆயிரம் பேரின் ரத்தத்தைப் பார்த்து 2015-இல் வெளிவந்த ஆய்வில் 93 சதவீதத்தினருக்கு டெங்கு வந்துபோன தடயம் இருந்தது. தனக்கு டெங்கு வந்தது என்று சொன்னவர்களோ 1 சதவீதம். இப்படிப்பட்ட ஊரில் 18 வயதைத் தாண்டியவர்களில் டெங்கு தொடாத ஆளைத் தேடிப் பிடிப்பதே பாடு. டெங்வாக்சியா இடறியது அந்தத் தொடாதவர்களிடம்தான். புது ஊசி அவர்களுக்கு என்ன செய்கிறது என்பதைச் சின்னப் பிள்ளைகளிடம், முதல் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, சில மழைக்காலங்கள் காத்திருந்து தனியாகத்தான் பார்த்தாக வேண்டும்.